மரத்தில் வெட்டிய முகங்கள்

படங்களைப் பற்றி வானொலியில் பேசுவது சற்றுச் சங்கடமான காரியம். நேயர்கள் கண்ணாற் காண முடியாததை நான் வாயால் வரைந்தாக வேண்டும். ஆயினும் துணிந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால், இன்று நான் சொல்லப்போவது முகங்களைப் பற்றி. எங்களுடைய முகங்களை நாங்கள் எங்கே தொலைத்தோம் என்ற கேள்வி அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு எழுந்தது.

யப்பான் என்றதும் திருகோணமலைக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது குண்டுதான். நான் குடியிருக்கும் கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே சீனக்குடா விமானத் தளமும் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது. என் அம்மம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. தம்பலகாமத்துப் பக்கம் வயற்கரையில் நின்று புகையைப் பார்த்ததாகச் சொல்லுவா. எவராவது முரட்டுத்தனமாக நடந்தால், “உவன் யப்பான்காரன் மாதிரி” என்பது அவவின் வழக்கம். நான் வளர்ந்தது அந்தச் சொல்லோடுதான்.

அப்படியிருக்க, எங்கள் கல்லூரி நூலகத்தில் அட்டை கழன்று கிடந்த ஓவியப் புத்தகம் ஒன்றில் ஒரு யப்பானியப் படத்தைக் கண்டேன். வகுப்பில் அதைக் காட்டியபோது ஒரு மாணவன், “சேர், இது எங்கட கூத்தா?” என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், கேட்டவன் பிழையாகக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைச் சொல்லுகிறேன். அப்பிரகத் தூள் கலந்து மினுங்கும் கரும் பின்னணி. அதன் முன்னே இடுப்புக்கு மேலே ஓர் ஆண். புருவம் நெரிந்து, வாய் இறுகி, கண்மணிகள் மூக்கை நோக்கி ஒன்றுகூடி நிற்கின்றன. மார்பிலிருந்து இரண்டு கைகள் விரல் விரித்து வெளியே பாய்கின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கைகள் சிறியவை. பொருத்தமற்றவை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பார்த்தவுடனே இவன் எதையோ பறிக்க வருகிறான் என்று விளங்கிவிடும். கபுகி நாடகம் ஒன்றில் பணத்தைப் பறிக்க வரும் எதோபே என்ற அடியாள் அவன். அந்த வேடத்தைக் கட்டியவர் மூன்றாம் ஒதானி ஒனிஜி என்ற நடிகர். வரைந்தவர் ஷராகு. ஆண்டு 1794.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இது எதோபேயின் படமா, ஒனிஜியின் படமா? இரண்டும்தான். அந்தக் காலத்து ரசிகன் கடையில் இதை வாங்கியபோது அடியாளையும் வாங்கினான், அடியாளாக நடித்த தன் அபிமான நடிகனையும் வாங்கினான். யப்பானிய நாடகப் படங்களின் உயிர் இந்த இரட்டைத் தன்மையில் இருக்கிறது. இதை நான் பின்னர் எங்கள் பக்கத்தோடு ஒப்பிட இருப்பதால் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கபுகியின் கதை ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. இசுமோ ஆலயத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லப்படும் ஒக்குனி, 1603ஆம் ஆண்டளவில் கியோத்தோ நகரின் காமோ ஆற்றுப்படுகையில் ஆடினாள். கூட்டம் கூடியது, வேறு பெண்களும் ஆடினர். ஒழுக்கம் கெடுகிறது என்று 1629இல் அரசு பெண்களை மேடையிலிருந்து விலக்கியது. இளைஞர்கள் ஆடினர், 1652இல் அவர்களும் விலக்கப்பட்டனர். மிஞ்சியவர்கள் வளர்ந்த ஆண்கள். பெண் வேடத்தையும் அவர்களே கட்டினர். பெண் வேடம் கட்டுவதற்கென்றே பரம்பரைகள் உண்டாயின. எங்கள் கூத்திலும் திரௌபதையும் சுபத்திரையும் ஆண்களாகவே இருந்தார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை.

இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரமாயிருந்தது. அங்கே வணிகரும் கைவினைஞரும் கையிற் காசு வைத்திருந்தார்கள். அதிகாரம் மாத்திரம் அவர்களிடம் இல்லை. அது போர்வீரர் குலத்தின் கையில் இருந்தது. காசிருந்தும் அதிகாரமில்லாத மக்கள் தங்கள் மனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? நாடகக் கொட்டகையில் வைத்தார்கள். அந்த உலகத்தை ‘உக்கியோ’ என்றனர். பழைய பௌத்த வழக்கில் துன்பமான இவ்வுலகைக் குறித்த அந்தச் சொல்லை, அதே ஒலியோடு ‘மிதக்கும் உலகு’ என்று பொருள்படுமாறு வேறெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். துயரக்கடல் என்பதைச் சற்றே திருப்பி மிதப்பு என்று ஆக்கிய குறும்பு அது. தமிழாசிரியன் என்ற முறையில் இந்தச் சிலேடையை நான் பல நாள் சுவைத்திருக்கிறேன். அந்த உலகின் படங்களுக்கு ‘உக்கியோ-எ’ என்று பெயர்.

முதலில் வந்தவர்கள் தோரி குடும்பத்தார். கொட்டகை வாசலில் தொங்கும் விளம்பரப் பலகைகளை எழுதியவர்கள். 1729இல் காலமான தோரி கியோநொபு அவர்களுள் முதல்வர். அப்போது முதலாம் இச்சிகாவா தன்ஜூரோ என்ற நடிகர் எதோவைக் கலக்கிக்கொண்டிருந்தார். காலை ஓங்கி மிதித்து, கண்ணை உருட்டி, முகத்தில் சிவப்புக் கோடுகள் தீட்டி ஆடும் வீர ஆட்டம் அவருடையது. அதை எப்படிக் கோட்டில் கொண்டுவருவது? தோரி குடும்பத்தார் கால்களைச் சுரைக்காய் போலப் புடைக்கவிட்டு, கோடுகளை மண்புழு நெளிவது போலத் தடித்தும் மெலிந்தும் ஓடவிட்டனர். யப்பானியரே அந்தப் பாணிக்குச் ‘சுரைக்காய்க் கால், மண்புழுக் கோடு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாவம், தன்ஜூரோ 1704இல் மேடையில் வைத்தே சக நடிகர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் பெயர் சாகவில்லை. 2022ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் தன்ஜூரோ அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்.

தொடக்கப் படங்களில் எல்லா முகமும் ஒரே முகம். உடையில் இருக்கும் குடும்பச் சின்னத்தைப் பார்த்துத்தான் இவர் இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும். கறுப்புக் கோட்டில் அச்சிட்டு, நிறத்தைக் கையாற் பூசினார்கள். 1765ஆம் ஆண்டளவில் ஹருநொபுவின் காலத்தில் பல நிற அச்சு கைவந்தது. அதன் பின் கத்சுகாவா ஷுன்ஷோ வந்தார். ஒவ்வொரு நடிகனுக்கும் அவனவன் மூக்கையும் அவனவன் தாடையையும் கொடுத்தார். 1770இல் அவர் புஞ்சோ என்பவருடன் சேர்ந்து நடிகர்களை விசிறி வடிவச் சட்டங்களுக்குள் வரைந்து ஒரு புத்தகமே வெளியிட்டார். இனிச் சின்னம் பார்க்கத் தேவையில்லை. முகம் பார்த்தாலே போதும். கடலலைப் படத்தால் உலகப் புகழ் பெற்ற ஹொக்குசாய் கூட இந்த ஷுன்ஷோவிடம் மாணவராயிருந்து நடிகர் படம் கீறித்தான் தொழில் பழகினார்.

இந்தப் படங்கள் உருவாகும் விதம் சொல்லத்தக்கது. ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவார்கள். செதுக்குபவர் கோட்டை விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுப்பார். வெட்டும்போதே ஓவியர் வரைந்த மூலப்படம் அழிந்துபோகும். பின்பு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகை. தாள் விலகாமலிருக்கப் பலகையின் மூலையில் ஓர் அடையாள வெட்டு. அச்சிடுபவர் ஈரத்தாளைப் பலகையின் மேல் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் திண்டால் தேய்த்தெடுப்பார். பதிப்பாளர் முதல் போட்டு எல்லாரையும் ஓட்டுவார். படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் இரா. ஆக, அங்கேயும் மறக்கப்பட்டவர்கள் உண்டு.

விலைதான் முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தாளின் விலை, தெருக் கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடில்ஸ் குடிக்கும் காசோடு ஒப்பிடத்தக்கது. அது அரசனின் சித்திரமண்டபம் அன்று. வண்டிக்காரன் வாங்கிச் சுவரில் ஒட்டிய படம். நாடகம் தொடங்கும்போதே படமும் விற்க வேண்டும் என்பதால், மேடையேறுமுன்பே காட்சியை ஊகித்து வரைந்துவிடுவதும் உண்டு. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

மீண்டும் ஷராகுவிடம் வருகிறேன். 1794இன் நடுப்பகுதியில் திடீரென்று தோன்றினார். சுத்தாயா ஜூசபுரோ என்ற பதிப்பாளர் அவருடைய இருபத்தெட்டுப் பெருந்தலைப் படங்களை ஒரே வீச்சில் வெளியிட்டார். ஏறத்தாழப் பத்து மாதத்தில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். 1795இன் தொடக்கத்தில் மறைந்துபோனார். அதன் பின் ஒரு கோடு கூட இல்லை. அவ மாநிலப் பிரபுவிடம் இருந்த சைத்தோ ஜூரோபே என்ற நோ நாடக நடிகரே இவர் என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு. எதற்காக நின்றார்? உள்ளதை உள்ளபடி அளவுக்கு மிஞ்சி வரைந்ததால் எடுபடவில்லை என்று அவர் காலத்தையொட்டி எழுதியோர் குறிப்பிட்டுள்ளனர். நம்பக்கூடிய காரணந்தான். பெண் வேடம் கட்டும் நடுவயது ஆணின் தாடையை ஷராகு ஒளிக்கவில்லை. பட்டுடைக்கு மேலே ஓர் ஆணின் களைத்த முகம் எட்டிப் பார்க்கும். நடிகருக்கும் பிடித்திராது, ரசிகருக்கும் பிடித்திராது. எனக்கோ அதுதான் பிடிக்கிறது. வேடத்துக்குள்ளே இருந்து உழைக்கும் மனிதனை அவர் கண்டார்.

அரசாங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1842இல் நடிகர் படங்களே கூடாது என்று கட்டளை வந்தது. ஏழாம் தன்ஜூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக எதோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்போது குனியோஷி என்ற ஓவியர் செய்த வேலையைக் கேளுங்கள். சில ஆண்டுகளின் பின், களஞ்சியச் சுவரில் சிறுபிள்ளைகள் ஆணியால் கீறிய கிறுக்கல் போல ஒரு படத்தொகுதி வெளியிட்டார். கோணல் மூக்கு, குச்சிக் கை, நடுவே ஒரு பூனை. அதிகாரி பார்த்தால் கிறுக்கல். ரசிகன் பார்த்தால், இந்தக் கோணல் மூக்கு இன்னாருடையது, அந்தத் தாடை இன்னாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவான். முகங்கள் மக்களுக்கு அவ்வளவு மனப்பாடம். 1854இல் எட்டாம் தன்ஜூரோ ஒசாக்காவில் தற்கொலை செய்துகொண்டபோது, அவர் நினைவாக நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அச்சாயின. எங்கள் ஊரில் மரண அறிவித்தல் ஒட்டுவது போல என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எந்தக் கூத்தனுக்கு நாங்கள் நூறு அடித்தோம்?

இனி எங்கள் பக்கம் வருவோம். தமிழிலும் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் இல்லாமலில்லை. சென்னையிலிருந்து இரத்தின நாயகர் அன் சன்ஸ் போன்றவர்கள் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களை எங்கள் பாட்டன் பாட்டிமார் நன்கறிவர். அல்லி அரசாணி மாலை, தேசிங்குராசன் கதை, நல்லதங்காள் கதை. அம்மம்மாவின் றங்குப் பெட்டியிலும் ஒரு நல்லதங்காள் இருந்தாள். பிள்ளைகளைக் கிணற்றில் போடும் படத்தைப் பார்த்துப் பயந்து நான் புத்தகத்தை மூடியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்திலிருப்பவள் நல்லதங்காள் மாத்திரமே. எந்த ஊர்க் களரியில் எவர் அந்த வேடம் கட்டி அழுதார் என்பது அதிலில்லை. எங்கள் தாள் கதையைக் காத்தது. யப்பானியரின் தாள் நடிகனையும் காத்தது.

கூத்திலும் அவ்வாறே. பாட்டையும் வசனத்தையும் கொப்பியில் எழுதி வைத்தார்கள். அலங்காரரூபன் நாடகம், என்றீக் எம்பரதோர் நாடகம் போன்றவற்றை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்ததால் அவை நூலாகவும் நிலைத்தன. ஆனால் வட்டக்களரியின் நடுவே மத்தளத்தோடு நின்ற அண்ணாவியாரின் முகம்? கரப்புடுப்பும் முடியும் தரித்து விடியும்வரை ஆடியவரின் கால்வீச்சு? அவை பார்த்தவர் கண்ணோடு போயின.

கபுகிக்கும் எங்கள் கூத்துக்கும் இந்த நாட்டிலேயே ஒரு சுற்றுவழித் தொடர்பு உண்டு. 1950களின் நடுப்பகுதியில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர யப்பான் சென்று நோ, கபுகி அரங்குகளைப் பார்த்தார். இசையும் ஆட்டமும் மோடிப்படுத்திய அசைவுமாக ஒரு பழைய அரங்கு நகரத்து மக்களை இன்றும் கட்டிவைத்திருக்கிறதே என்று வியந்தார். திரும்பி வந்து சிங்கள ‘நாடகம’ மரபை எடுத்து, 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’யை மேடையேற்றினார். அந்த ‘நாடகம’ மரபின் வேரோ தமிழ்க் கூத்தில் இருக்கிறது; பெயரே அதைச் சொல்லும். அந்த முயற்சிகள் தந்த உந்துதலோடு பேராதனையில் வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைச் சுருக்கிச் செப்பனிட்டு, 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. எங்கள் முற்றத்துக் கூத்தின் அருமை யப்பானைச் சுற்றிக்கொண்டு வந்து எங்களுக்கே தெரியவேண்டியிருந்தது என்று நான் வகுப்பில் பகிடியாகச் சொல்வதுண்டு. முழுப் பகிடியுமன்று.

இன்னொரு தொடர்பும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட யப்பானிய அச்சுப்படங்கள் இருக்கின்றன. அதே நூதனசாலையில் 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பணிபுரிந்தவர் கொழும்பில் பிறந்த எங்கள் ஆனந்த குமாரசுவாமி. அவர் பொறுப்பில் இருந்தது இந்தியக் கலைப்பிரிவு. அங்கு சேர்ந்த அதே ஆண்டில் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கை எப்படிப் பேசும் என்பதைப் பற்றிய நூல் அது. கூத்தனின் கையைப் பற்றி அவர் எழுதிய கட்டடத்திலேயே கபுகி நடிகர்களின் கைகள் ஆயிரக்கணக்கில் தாளில் விரிந்து கிடந்தன என்று எண்ணும்போது எனக்கு ஒருவகை ஏக்கம் வருகிறது.

என் அம்மப்பா வீமன் ஆடியவர். நான் பிறக்குமுன்பே சலங்கையைக் கழற்றிவிட்டார். அவருடைய கூத்துக் கொப்பி 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயிற்று. அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், “கிழவன் களரிக்குள்ள வந்தா நிலம் அதிரும்” என்பார்கள். இன்று எங்களிடம் இருப்பது அவருடைய தேசிய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். நேரே பார்த்து, வாயை மூடி, அசையாமல் இருக்கிறார். வீமனை அதில் நான் பலமுறை தேடியிருக்கிறேன்.

அதனாற்றான் மாணவன் கேட்ட கேள்வியை விட மனமில்லாமல், அவர்களில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, அம்மப்பாவோடு சின்ன வயதில் ஆடிய ஒரு பெரியவரிடம் போனேன். வயது தொண்ணூறை நெருங்குகிறது. ஷராகுவின் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “கை பிழை. இப்பிடி விரிச்சா அடி வாங்கிறவன்ர கை. அடிக்க வாறவன் பெருவிரலை விடமாட்டான்” என்றார். கதிரையில் இருந்தபடியே துச்சாதனன் மேல் பாயும் வீமனின் கையைக் காட்டினார். கழுத்து திரும்பியது, பார்வை எழுந்தது, காலடியில் தாளம் தட்டியது. ஒரு மாணவி மடியில் கொப்பியை வைத்துப் பென்சிலால் கீறினாள். மூன்று முறை அழித்தாள். “நில்லுங்கோ தாத்தா, கையை எடுக்காதேங்கோ” என்று அவள் சொல்ல, அவர் எடுக்கவில்லை. கை நடுங்கியது, நடுக்கத்தோடேயே பிடித்திருந்தார்.

கீறி முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது ஆர், வீமனோ நானோ?” என்று கேட்டார். அவள் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தாள். “ரண்டு பேரும்தான் ஐயா” என்றேன். தாளைத் தரும்படி கேட்டு வாங்கி, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எங்கள் கல்லூரி நூலகத்தில் இருப்பது, திரும்பவும் ஒரு நாள் போய் அவரிடம் இரவல் வாங்கி எடுத்த நிழற்பிரதி. அதன் கீழே அவர் பெயரையும், ஆடிய வேடத்தையும், கீறியவள் பெயரையும், திகதியையும் எழுதி வைத்திருக்கிறோம்.